கர்ப்பப்பையில் கட்டியென்றால் பிள்ளைப்பேறு இல்லையா?

"கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது" என்று வைத்தியர் சொன்னதும் ஒரு பெண்ணின் மனதில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. இது புற்றுநோயா என்பது ஒன்று. இனிப் பிள்ளை கிடைக்குமா என்பது மற்றது. மணமாகாத பெண்ணென்றால், வெளியில் தெரிந்தால் கலியாணம் சரிவருமா என்ற கவலையும் சேர்ந்துவிடும். இதனால் சிலர் ஸ்கேன் அறிக்கையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மௌனமாகி விடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய்க் கர்ப்பப்பையையே அகற்றிவிடச் சம்மதிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தக் கட்டி எங்கே இருக்கிறது?

நார்க்கட்டி என்பது என்ன?

பைப்ரொயிட் எனப்படும் நார்க்கட்டி கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளர்வது. இது புற்றுநோயல்ல. புற்றுநோயாக இருப்பது மிகமிக அரிது. சூலகத்தில் தோன்றும் நீர்க்கட்டியும் இதுவும் வேறு வேறானவை. எல்லாவற்றையும் "கட்டி" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வீண் குழப்பம் உண்டாகிறது.

பெண்ணின் உடலில் சுரக்கும் ஓமோன்களின் துணையோடு இது வளர்கிறது. ஆகவே மாதவிடாய் வரும் வயதில் தோன்றி, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். சிலருக்குப் பயறளவிலும் சிலருக்குத் தேங்காயளவிலும் இருக்கலாம். ஒன்றாகவும் பலவாகவும் இருக்கலாம். 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, 50 வயதை எட்டும்போது வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 வீதமானோருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டிகள் தோன்றியிருக்கும். அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. எனவே இது யாரோ ஒருத்திக்கு மட்டும் வந்த குறையல்ல. வெட்கப்படவோ ஒளிக்கவோ வேண்டிய விடயமுமல்ல.

இடம்தான் முக்கியம்

கர்ப்பப்பைச் சுவரின் வெளிப்புறமாக வளரும் கட்டி பெரிதானால் சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ அழுத்தலாம். ஆனால் பொதுவாக அது கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை.

உட்குழிக்குள் துருத்திக்கொண்டு வளரும் கட்டியோ சிறிதாயினும் தொல்லை தரும். கரு ஒட்டி வளர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் கருத்தரிப்பது தடைப்படலாம், கருச்சிதைவும் ஏற்படலாம். அதிக குருதிப்போக்குக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுவரின் நடுவே வளரும் கட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது உட்குழியின் வடிவத்தை மாற்றுகிறதா, பலோப்பியன் குழாயின் வாயிலை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது அதை அகற்றுவதால் பயனுண்டா என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பிள்ளையில்லாமல் சிகிச்சைக்கு வரும் பெண்களில் 5 முதல் 10 வீதமானோருக்கு நார்க்கட்டி காணப்படுகிறது. ஆனால் வேறு காரணமே இன்றி அது மட்டுமே காரணமாக இருப்பது 2, 3 வீதமானோரில்தான். ஆகவே மனைவிக்குக் கட்டி இருப்பது தெரிந்ததும் பழியை அவள் மீது போட்டுவிட்டுக் கணவர் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. அவருடைய விந்துப் பரிசோதனையும் ஆரம்பத்திலேயே செய்யப்பட வேண்டும்.

கர்ப்பமான பின்னர்

நார்க்கட்டியுடன் கர்ப்பமாகும் பெண்களில் பெரும்பாலானோர் சிக்கலின்றிப் பிள்ளை பெறுகிறார்கள். சிலருக்கு இடைப்பட்ட மாதங்களில் கட்டிக்குச் செல்லும் குருதியோட்டம் குறைந்து கடும் வயிற்றுவலி ஏற்படும். இது பொதுவாக ஓய்விலும் மருந்திலும் தணிந்துவிடும். எனினும் கர்ப்பகாலத்தில் வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தாமாகப் போடக்கூடாது.

பெரிய கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் சிசுவின் தலை கீழே திரும்பாமல் சிசேரியன் தேவைப்படலாம். குறைமாதப் பிரசவம், பிரசவத்தின் பின் அதிக குருதிப்போக்கு ஆகிய ஆபத்துகளும் ஓரளவு கூடுகின்றன. ஆகவே கட்டி இருப்பதை முதலாவது கிளினிக்கிலேயே சொல்லி, குருதி ஏற்றும் வசதியுள்ள வைத்தியசாலையில் பிரசவத்துக்கு ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

சத்திரசிகிச்சை எப்போது?

தொல்லை தராத கட்டிக்குச் சிகிச்சை அவசியமில்லை. வைத்தியரின் கண்காணிப்பு போதும். குருதிப்போக்கைக் குறைக்க மருந்துகள் உண்டு. ஆனால் ஓமோன் மருந்துகளிற் பல, பாவிக்கும் காலத்தில் கருத்தரிப்பையும் தடுக்கும். கட்டியைச் சுருக்கும் ஊசியின் பயனும் தற்காலிகமானதே. நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளரும்.

பிள்ளை வேண்டுமென்போருக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. உட்குழிக்குள் இருக்கும் கட்டியை வயிற்றைக் கீறாமல், யோனி வழியாகச் செலுத்தும் கருவியால் அகற்றலாம். இந்தச் சிந்தனை ஒரு காலத்தில் புதுமையாகவே இருந்தது. பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் விக்டர் பொனியின் மனைவி, நார்க்கட்டி காரணமாக இளவயதிலேயே கர்ப்பப்பையை இழந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பொனி, கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் நீக்கும் முறையை வளர்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்து, 1946 இல் அதன் நுட்பங்களை நூலாகவும் வெளியிட்டார். இன்று இது உலகெங்கும் செய்யப்படுகிறது.

எனினும் இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கட்டிகள் மீண்டும் தோன்றலாம். தசையில் ஆழமாகக் கீறப்பட்டிருந்தால் காயம் ஆறும்வரை, பொதுவாக 3 முதல் 6 மாதங்கள், கருத்தரிக்காதிருக்க வேண்டும். பிரசவமும் சிசேரியனாக அமையக்கூடும். ஆகவே சத்திரசிகிச்சைக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து கிளினிக்கில் காட்டுங்கள்.

திட்டமிடும் சகோதரிகளுக்கு

மாதவிடாய் 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நப்கின் மாற்ற நேர்ந்தாலோ, கட்டிகட்டியாகக் குருதி வெளியேறினாலோ "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்று பொறுத்திருக்க வேண்டாம். குருதிச்சோகையோடு கர்ப்பமாவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. ஹீமோகுளோபின் 12 இற்குக் குறைவென்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கருத்தரிக்க முன்னரே போலிக் அமில மாத்திரையையும் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் வைத்தியரை நாடுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் 6 மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். கட்டியைக் கரைத்துத் தருவதாகச் சொல்வோரை நம்பி வருடங்களைக் கழித்தால், அந்த வருடங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா.

அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பெண் நோயியல் நிபுணரைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? அது உட்குழியைப் பாதிக்கிறதா? எனக்குப் பிள்ளை வேண்டும், அதற்கேற்ற சிகிச்சை எது? கூடவே கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பதிலை இருவரும் சேர்ந்தே கேட்பது நல்லது.