டர்போ வாங்கும் முன்...

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளிக்கு வேனில் ஏறிச் சென்றவர்கள். வீட்டிற்கும் பள்ளிக்கும் தூரம் அதிகம். பெற்றோர் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பி விடுவர். வேன் வராத நாளில் பள்ளிக்கூடமும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு இந்த வேன்களே உயிர்நாடி என்றால் அது மிகையாகாது. அவற்றை ஓட்டுபவர்கள் நம் மாமாக்களும் சித்தப்பாக்களும்தாம்.

அந்த டீசல் வேனில் டர்போ கெட்டுவிட்டால் என்ன ஆகும்? மேட்டில் இழுவை இருக்காது. கரும்புகை கக்கும். வணிக வாகனங்களுக்கான பரிசோதனையில் புகையையும் அளப்பதால் அங்கேயும் சிக்கல். புதிய அசல் டர்போவின் விலையோ வேன் ஓட்டுநருக்கு எளிதில் எட்டாது. ஆகவே அவர் நாடுவது 'ஹாப்-கட்' கடையை. வெளிநாட்டில், குறிப்பாக ஜப்பானில், ஓடி முடித்த வாகனங்களின் முன்பாதியை வெட்டி எஞ்சினோடு கொண்டு வந்து விற்கும் கடை அது. என் மாமா தம் டொயோட்டா ஹையேஸ் பள்ளி வேனுக்காக அப்படி ஒரு டர்போ தேடியபோது நானும் உடன் சென்றேன். அங்கு கண்டும் கேட்டும், பிறகு படித்தும் அறிந்தவற்றை இங்குப் பகிர்ந்து கொள்கிறேன்.

டர்போ என்பது என்ன?

ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு விசிறிகள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. மறுமுனை விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடுவதால் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்க முடிகிறது; சிறிய எஞ்சினும் பெரிய வேலை செய்கிறது. அந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் சில விநாடி தடைபட்டாலும் பேரிங் தேயத் தொடங்கும். டர்போவைப் பற்றிய மற்ற எல்லாச் செய்திகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எண்ணே சாட்சி

"ஹையேஸ் டர்போ இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் "இருக்கு" என்றுதான் சொல்வார். ஆனால் எந்த ஹையேஸ்? 2004இல் அறிமுகமான ஹையேஸ் தலைமுறையில் 2,494 சிசி கொண்ட 2கேடி-எஃப்டிவி எஞ்சினும் உண்டு. 2,982 சிசி கொண்ட 1கேடி-எஃப்டிவி எஞ்சினும் உண்டு. ஜப்பானில் விற்கப்பட்ட வேன்களில் இவ்விரண்டும் இருந்தன. மாமாவின் வேனில் இருப்பது 2கேடி. கடையில் முதலில் எடுத்து வைக்கப்பட்டது 1கேடியின் டர்போ.

டொயோட்டாவில் டர்போவின் பாக எண் 17201 என்று தொடங்கும். அதற்குப் பின்வரும் ஐந்து இலக்கங்களே பொருத்தத்தைச் சொல்பவை. எடுத்துக்காட்டாக, 17201-30080 என்பது 2கேடிக்கு உரிய சிடி16 டர்போ. 17201-30110 என்பது 1கேடிக்கு உரிய சிடி16வி. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால், பின்னதன் உள்ளே அசையும் தகடுகள் உள்ளன. எஞ்சின் கணினியின் கட்டளைப்படி ஒரு மின்மோட்டார் அவற்றைத் திருப்புகிறது. அந்தக் கட்டளையை அனுப்பத் தெரியாத வேனில் அதை மாட்டி என்ன பயன்? மேலும், 2கேடி எஞ்சினிலேயே தகடு உள்ள வகையும் இல்லாத வகையும் வந்துள்ளன. ஆகவே எஞ்சின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதும் போதாது. பழைய டர்போவில் பொறிக்கப்பட்ட எண்ணைத் துடைத்துப் படமெடுத்துச் செல்ல வேண்டும். முடிந்தால் டர்போவையே கழற்றிக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். திருகுத் துளைகள், எண்ணெய் நுழையும் வழி, வெளியேறும் வழி, தண்ணீர்க் குழாய் உண்டா இல்லையா, காற்று வெளிவரும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது ஆகிய அனைத்தும் ஒத்திருக்க வேண்டும்.

கைவிரலே கருவி

எண் பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்தது பொருளின் நிலை. தண்டின் முனையை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கையில் அசைவு தெரிந்தால் அந்த டர்போ வேண்டாம். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. எண்ணெய்ப் படலத்திற்கான இடைவெளி அது. ஆனால் விசிறியை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுற்றினாலும் அதன் இதழ்கள் கூட்டில் உரசக் கூடாது. இதழ்களின் விளிம்பில் பல்லுப்பல்லாய்ச் சிதைவு, புகைப்பக்கக் கூட்டில் ஆழமான வெடிப்பு, தண்டில் நீலம் பாய்ந்த நிறம் ஆகியன கெட்ட அறிகுறிகள். நீலம் என்பது எண்ணெய் இல்லாமல் சூடேறியதன் தடயம். தகடு உள்ள வகையானால், அவற்றை இயக்கும் நெம்புகோல் சிக்காமல் நகர வேண்டும்.

டர்போ இன்னும் எஞ்சினிலேயே மாட்டியிருந்தால் இன்னும் நல்லது. நம் கண்முன்னே கழற்றச் சொல்லலாம். எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்பதும் ஐயமின்றித் தெரியும். ரசீதில் பாக எண்ணையும், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

பழையது ஏன் செத்தது?

மாமாவின் மெக்கானிக் சொன்ன ஒரு வாக்கியம் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது: "டர்போவ அப்புறம் மாட்டலாம் அண்ணே, பழசு ஏன் செத்துச்சுன்னு மொதல்ல பாப்போம்."

இந்த 1கேடி, 2கேடி எஞ்சின்களில் அறியப்பட்ட ஒரு நோய் உண்டு. இஞ்செக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு உள்ளே இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் கரியாகித் தார்போல் கெட்டிப்படும். அது எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள சல்லடையை அடைக்கும். எண்ணெய் வரத்துக் குறைந்ததும் டர்போ பலியாகும்; கவனிக்காவிட்டால் எஞ்சினும் பலியாகும். சல்லடையைப் பார்க்காமல் வேறு டர்போவை மாட்டினால், பழையதைக் கொன்ற அதே காரணம் புதிதாக வந்ததையும் கொல்லும். கடையில் குறை சொல்லியும் பயனில்லை.

மாட்டும்போது

எண்ணெய்க் குழாயைக் கழுவி, அடைப்பு இருந்தால் மாற்ற வேண்டும். கேஸ்கெட்டுகள் புதியவையாக இருக்கட்டும். எண்ணெய் வழியில் சிலிக்கன் பசை பூசக் கூடாது. பிய்ந்த துணுக்கு வழியை அடைக்கும். எண்ணெயும் ஃபில்டரும் புதிதாக மாற்றப்பட வேண்டும். இன்டர்கூலர் இருந்தால், பழைய டர்போ கக்கிய எண்ணெயும் உடைந்த இதழ்த் துண்டுகளும் அதில் தங்கியிருக்கும். கழுவாமல் விட்டால் எஞ்சினுக்குள் போகும். அதிகமாக எண்ணெய் தேங்கியிருந்தால் டீசல் எஞ்சின் அதையே எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு. இறுதியாக, டர்போவின் எண்ணெய்த் துளையில் சிறிது எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு, பிறகு எஞ்சினை முடுக்கிச் சில நிமிடம் மெதுவாக ஓட விட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால், நாள் முழுவதும் சாலையில் இருக்கும் ஒருவருக்கு எண்ணைத் தேடி ஒப்பிட நேரம் இராது. வேன் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகும் என்ற அவசரத்தில், கிடைத்ததை வாங்கி வந்து விடுவார். அந்தத் தேடலை நாம் செய்து கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் நாம் தினமும் செய்வது அதைத்தானே? ஓர் எண்ணைச் சரிபார்க்க அரைமணி நேரம் போதும். இருபது பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குப் போவது அந்த அரைமணியில் இருக்கலாம்.