அள்ளிய குப்பை மறுநாளே திரும்பி வந்தால்...

உங்களுக்கு மனம் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆனாலும் எதிலும் பிடிப்பு இல்லை. வகுப்புத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் காரணமாக இருக்கலாம். உங்களை விட்டுவிட்டு நண்பர்கள் எல்லாரும் எங்கோ போய் எடுத்துக்கொண்ட படம் காரணமாக இருக்கலாம். காரணமே இல்லாமலும் இருக்கலாம். அந்த நேரம் பார்த்து யாராவது, "சும்மா படுத்துக் கிடக்காதே, போய் நாலு பேருக்கு உதவி செய், எல்லாம் சரியாகிவிடும்" என்றால் எப்படி இருக்கும்? எரிச்சல்தான் வரும். எழுந்து குளிக்கவே மனம் வராதவரை ஊருக்கு உழைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இருந்தாலும், அந்த அறிவுரையைத் தூக்கி எறிவதற்கு முன்பு அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்த்துவிடுவோம். ஆதாரம் இருக்கிறது. "எல்லாம் சரியாகிவிடும்" என்ற பகுதிக்குத்தான் இல்லை.

சுழலில் சிக்கும் மனம்

உடல் சூடானால் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஒரு மாற்றம் வந்தால் அதை எதிர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டை எதிர்மறைப் பின்னூட்டம் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். சோர்ந்த மனம் பல நேரங்களில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. சோர்வு வந்ததால் பந்து விளையாடப் போவதில்லை. போகாததால், சிரித்துக் கத்தி விளையாடக் கிடைத்த ஒரு மணி நேரம் இல்லாமல் போகிறது. அதனால் சோர்வு கூடுகிறது. கூடியதால் அடுத்த வாரம் நண்பரின் குறுஞ்செய்திக்கும் பதில் போடுவதில்லை. மாற்றம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு போகும் சுழல் இது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் மனச்சோர்வை இந்தக் கோணத்தில்தான் விளக்கினார். அன்றாட வாழ்க்கையில் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகள் குறையக் குறைய, மனம் மேலும் ஒடுங்குகிறது என்றார்.

இந்தச் சுழலை எந்த இடத்தில் வெட்டுவது? முதலில் மனம் தேறட்டும், பிறகு எழுந்து நடமாடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். லெவின்சனின் சிந்தனையில் வளர்ந்த சிகிச்சைமுறை வரிசையை மாற்றியது. மனம் எப்படி இருந்தாலும் சிறிய செயல் ஒன்றுக்கு நாளும் நேரமும் குறித்துச் செய்யச் சொன்னது. 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வு நோயாளிகள் 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்யும் பயிற்சி மட்டும் தரப்பட்டது. மற்ற இரண்டு பிரிவுகளுக்கு அதோடு எண்ணங்களைத் திருத்தும் பயிற்சிகளும் சேர்த்துத் தரப்பட்டன. செயல் பயிற்சியை மட்டும் பெற்றவர்களும் மற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள்.

செயல் என்றால் எதுவாகவும் இருக்கலாமே, ஓடலாம், சமைக்கலாம் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தொண்டூழியத்தில் ஒரு வசதி இருக்கிறது. சனிக்கிழமை காலை 8 மணி என்று வேறு யாரோ நேரம் குறித்துவிடுகிறார்கள். நீங்கள் போகாவிட்டால் அரிசிப் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்காது. 'என்னால் என்ன ஆகப் போகிறது' என்று சோர்ந்த மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. பெட்டியைத் தூக்கி வைத்தால் அந்த அளவுக்காவது பதில் கிடைத்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சோர்ந்திருக்கும்போது எதிரே உட்கார்ந்து பேசுவது மிகக் கடினம். பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்வது அவ்வளவு கடினமில்லை. கை வேலையாக இருக்கும்போது, மௌனமாக இருந்தாலும் யாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை.

உங்கள் வயதுக்காரர்களை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. கனடாவின் மேற்குப் பகுதியில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவியது. இப்படிப் பத்து வாரங்கள். மறுபாதி அடுத்த பருவம்வரை காத்திருந்தது. முடிவில், உதவியவர்களின் இரத்தத்தில் கொழுப்பின் அளவும், அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6 என்ற பொருளின் அளவும் காத்திருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. பிறர் நிலையைப் புரிந்துகொள்ளும் குணம் யாருக்கு அதிகம் வளர்ந்ததோ, மனக்கசப்பு யாருக்கு அதிகம் குறைந்ததோ, அவர்களுக்கே உடலிலும் நன்மை கூடுதலாகத் தெரிந்தது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது.

ஏன் குலுக்கல் முறை என்று யோசித்தீர்களா? தொண்டூழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வெறும் கருத்தாய்வு சொன்னால், அதை அப்படியே நம்பக் கூடாது. மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் தொண்டூழியத்துக்கு வருகிறார்களோ என்னவோ! அதே 2013இல் இத்துறையின் 40 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இந்தச் சிக்கலைத்தான் கண்டார்கள். மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், தொண்டூழியர்களிடம் மனச்சோர்வு குறைவாகத் தெரிந்தது. குலுக்கல் முறைச் சோதனைகளோ அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே, தொண்டூழியம் பலருக்குக் கைகொடுக்கலாம் என்று சொல்லலாம். அதை மருந்து என்று சொல்ல முடியாது.

ஏமாற்றம் ஏன் அப்படி வலிக்கிறது?

இனி, அறிவுரை சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி. தொண்டூழியம் பல நாள் அலுப்பாக இருக்கும். நீங்கள் விண்ணப்பித்த அமைப்பு இரண்டு வாரமாகியும் பதில் போடாது. பதில் போட்டு, போனால், மூன்று மணி நேரம் அட்டைப்பெட்டிகளை மடிக்கச் சொல்வார்கள். நீங்கள் சுமந்துகொண்டு போன உணவுப் பொட்டலத்தை ஒரு தாத்தா கதவிடுக்கு வழியாகப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிடுவார். தாதிமை இல்லத்தில் நீங்கள் உயிரைக் கொடுத்துப் பாடும்போது முன்வரிசைப் பாட்டி தூங்கிக்கொண்டிருப்பார். (அவர் மேல் தப்பில்லை. அந்த மாதத்தில் நீங்கள் எத்தனையாவது குழுவோ!)

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஏமாற்றம் கடலோரத் துப்புரவில் இருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கிய பன்னாட்டுக் கடலோரத் துப்புரவு இயக்கத்தில் சிங்கப்பூர் 1992 முதல் பங்கெடுத்து வருகிறது. ஈஸ்ட் கோஸ்ட் போன்ற உல்லாசக் கடற்கரைகளைத் துப்புரவு ஊழியர்கள் நாள்தோறும் கூட்டிவிடுகிறார்கள். லிம் சூ காங், கிராஞ்சி போன்ற சதுப்புநிலக் கரைகளில் தொண்டூழியர்களின் கைகள் தேவைப்படுகின்றன. முழங்கால்வரை சேறு. வேர்களுக்கிடையே சிக்கிய பையை இழுத்தால் பாதி கிழிந்து கையோடு வரும், பாதி உள்ளேயே நிற்கும். காலை முழுவதும் அள்ளி, மூட்டைகளை வரிசையாக அடுக்கி, படமும் எடுத்துக்கொள்வீர்கள். ஜொகூர் நீரிணையில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் ஏற்றமும் இறக்கமும் மாறும். அடுத்த ஏற்றம் புதுக் குப்பையைக் கொண்டுவந்து போட்டுவிடும். துப்புரவுக்கு வரும் மாணவர்களில் ஒருவராவது, "நாளைக்கே திரும்ப வந்துவிடும் என்றால் நாம் எதற்கு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அது சோம்பேறித்தனமான கேள்வி அல்ல, நல்ல கேள்வி.

அந்த ஏமாற்றம் ஏன் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு நரம்பியல் ஒரு குறிப்புத் தருகிறது. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரியும்போதே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால்? சாறு வரவேண்டிய அதே கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அந்த அணுக்கள் கணக்குப் பார்ப்பது சாற்றின் அளவை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை. ஷூல்ட்ஸ் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த விளக்கத்தை 1997இல் வெளியிட்டார்.

குரங்கின் நரம்பணுவிலிருந்து மனிதரின் மனத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடக் கூடாது. ஆனாலும் எதிர்பார்ப்பு எவ்வளவு முக்கியம் என்பது இதில் புரிகிறது. 'இன்றோடு இந்தக் கரை சுத்தமாகிவிடும், என் மனமும் லேசாகிவிடும்' என்று எண்ணிப் போகிறவர், போகாமலே இருந்தவரைவிட வாடிப்போய்த் திரும்பலாம். ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. 'பார், நான் தொட்டது எதுவும் துலங்காது' என்று மனம் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

எனவே, போவதற்கு முன்பே எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வது நல்லது. கரை சுத்தமாகப் போவதில்லை. நடக்கப் போவது வேறு. பிளாஸ்டிக் மட்கி மண்ணாவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு நொறுங்கி, மேலும் மேலும் சிறிய துணுக்குகளாகும். முழு போத்தலாக இருக்கும்போது ஒரு கை அதை எடுத்துவிடலாம். துணுக்கான பிறகு எந்தக் கையாலும் முடியாது. நீங்கள் இன்று எடுத்த போத்தல் திரும்பி வராது. வருவது வேறு போத்தல்.

இரண்டாவது பயன், எண்ணிக்கை. இந்த இயக்கத்தில் குப்பையை வெறுமனே அள்ளுவதில்லை. உறிஞ்சுகுழல் எத்தனை, போத்தல் மூடி எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை என்று வகை பிரித்துக் குறிக்கிறார்கள். உலக அளவில் பல ஆண்டுகள் சிகரெட் துண்டுகளே முதலிடத்தில் இருந்தன. அவற்றின் வடிகட்டியும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு கரையில் பைகள் குறைந்தனவா என்று அறிய வேண்டுமானால், அதற்கு முன்பும் யாராவது சேற்றில் நின்று எண்ணியிருக்க வேண்டும். அலை வந்து அழித்துவிட முடியாத வேலை இது.

கட்டாயம் என்றால் கசக்கும்

நம் பள்ளிகளில் வி.ஐ.ஏ. உண்டு, லீப்ஸ் 2.0 கணக்கில் சேவைக்கும் இடம் உண்டு. 'மணி நேரத்துக்காகத்தானே செய்கிறோம், இதில் என்ன மனநிறைவு?' என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உங்கள் பக்கம் பேசுகிறது. தங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று உணர்ந்த மாணவர்களுக்கு, கட்டாயச் சேவைக்குப் பிறகு தொண்டூழியம் செய்யும் எண்ணம் குறைந்திருந்தது. ஆசிரியர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. என்னைக் கேட்டால், திட்டத்தை ஒழிக்க வேண்டியதில்லை. எங்கே, யாருக்கு, என்ன செய்வது என்பதை முடிந்தவரை மாணவர்களிடம் விட்டுவிடலாம். டிசம்பரில் ஒருமுறை நாற்பது பேர் படையெடுப்பதைவிட, மாதம் ஒருமுறை அதே நான்கு பேர் போவது மேல். பாட்டிக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும், உங்களுக்கும் அவர் எப்போது தூங்குவார் என்று தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோர்வு இரண்டு வாரத்துக்குமேல் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அப்போது தேவை தொண்டூழியம் அல்ல. உங்களுக்குத்தான் உதவி தேவை. பள்ளி ஆலோசகரிடமோ நீங்கள் நம்பும் பெரியவரிடமோ சொல்லுங்கள். சிங்கப்பூர் சமாரித்தன்ஸ் அமைப்பை 1767 என்ற எண்ணில் நாள் முழுவதும் அழைக்கலாம். அங்கே அழைப்பை எடுப்பவர்களில் பயிற்சி பெற்ற தொண்டூழியர்களும் இருக்கிறார்கள்.

வெறும் மந்தமான மனநிலைதான் என்றால், கடலோரத் துப்புரவு செப்டம்பர் நடுவில் நடக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டு முழுவதும் சிறு குழுக்கள் போகின்றன. முதல்முறை தனியாகப் போகாமல் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீர் இறக்க நேரத்தைப் பார்த்துத்தான் ஏற்பாட்டாளர்கள் நேரம் குறிப்பார்கள், ஆகவே தாமதமாகப் போகாதீர்கள். கால் முழுவதையும் மூடும் பழைய காலணி, கையுறை, தொப்பி, குடிநீர், மாற்று உடை போதும். மூட்டை தூக்கப் பிடிக்காவிட்டால் எண்ணிக் குறிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைச் செய்ய எப்போதும் ஆள் குறைவு.