பிற்றும் பைற்றும்: தரவுப் பரிமாற்ற வீதங்களை ஒப்பிடுதல் பற்றிய ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்த ஊர்களுள் ஒன்று பெரியகல்லாறு. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது இவ்வூரும் தப்பவில்லை. உயிரும் உடைமையும் மட்டுமன்றி, கரையோர மக்களின் எழுத்தாவணங்களும் அன்று நீரில் அழிந்தன. எனவே, கோயிற் கணக்கேடுகளையும் பாடசாலைப் பதிவேடுகளையும் மின்படிகளாக்கி, ஒரு படியையேனும் வேற்றிடத்தில் வைத்தல் இத்தகைய ஊர்களுக்கு இன்றியமையாததாகும். அவ்வாறு முனைவோர் முதலிற் கேட்பது, இவற்றை அனுப்ப எவ்வளவு நேரம் செல்லும் என்பதே. விடை காண ஒரு வகுத்தற் கணக்கே போதும். ஆயினும் அது பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. அதற்கான காரணங்களையே நாம் இங்கு ஆராய்கின்றோம்.

அடிப்படைக் காரணம், வலையமைப்பும் சேமிப்பகமும் இருவேறு தொழில்களின் வழியே வளர்ந்தமையாகும். தந்தி, தொலைபேசிப் பொறியியலாளர் கம்பியிற் செல்லும் துடிப்புகளை எண்ணினர். அவர்தம் அலகு பிற்று. கணினியின் நினைவகத்தை வடிவமைத்தோர் ஓர் எழுத்தைத் தாங்கும் எட்டுப் பிற்றுகளை ஒருங்கே எடுத்து, பைற்று எனக் கொண்டனர். முகவரிகள் இரண்டின் மடங்குகளாகப் பெருகுவதால் அவர்களுக்கு ‘கிலோ’ 1024 ஆயிற்று; தொலைபேசியாருக்கோ அது 1000 ஆகவே இருந்தது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. எனினும், எண் பெரிதாகத் தோன்றும் அலகையே விளம்பரம் தெரிந்தெடுக்கும் என்பதும் மறைவானதன்று. இணைப்பை விற்போர் பிற்றிலும், வன்றட்டை விற்போர் ஆயிரத்தின் மடங்கிலும் பேசுகின்றனர். 1998 இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1024 இன் மடங்குகளுக்குக் கிபி, மெபி எனத் தனிப்பெயர்கள் இட்டது. சந்தை அவற்றை அதிகம் பொருட்படுத்தவில்லை. 1.44 ‘மெகாபைற்று’ நெகிழ்வட்டோ இரண்டையும் குழப்பியது: அதன் கொள்ளளவு 1440 × 1024, அதாவது 14,74,560 பைற்றுகள். அங்கே மெகா என்பது பத்து இலட்சமும் அன்று, 1024 இன் வர்க்கமும் அன்று.

மூன்றாவதொரு காரணமும் உண்டு. நெல்லை மரைக்காலில் அளக்கும்போது தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது தெரியாவிடின் எண்ணிக்கையாற் பயனில்லை. தரவிலும் அவ்வாறே. பழைய தொடர் இணைப்பிலே எட்டுப் பிற்றுகளின் முன்னே ஒரு தொடக்கப் பிற்றும் பின்னே ஒரு முடிவுப் பிற்றும் சென்றன. ஆகவே செக்கனுக்கு 9600 பிற்று என்பது 1200 பைற்று அன்று, 960 பைற்றே. சாட்டா எனும் வன்றட்டு இணைப்பிலும், 1.5 கிகாபிற்று 150 மெகாபைற்றாகவே கிடைக்கிறது. அங்கும் எட்டுக்குப் பத்தாகக் குறியீடு செய்யப்படுகிறது. எட்டால் வகுப்பதா பத்தால் வகுப்பதா என்பது, சொல்லப்படும் வீதம் கம்பியில் ஓடும் மொத்தத் துடிப்புகளுக்குரியதா, பயன்படு தரவுக்குரியதா என்பதைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். பழைய 74 நிமிட இறுவட்டு ஒன்றில் செக்கனுக்கு 75 ஆக 3,33,000 தரவுத் துண்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2048 பைற்று. மொத்தம் 68,19,84,000 பைற்று. இதனையே 650 ‘மெகாபைற்று’ என அட்டையில் அச்சிட்டனர். ஆயிரத்தின் கணக்கில் அது 682. இவ்வட்டின் உள்ளடக்கத்தை 56 கிலோபிற்று மொடெம் ஒன்றினூடாக அனுப்ப, உச்ச வீதம் முழுவதும் கிடைத்தாலும் 27 மணி நேரம் செல்லும். 128 கிலோபிற்று இணைப்பில் அது ஏறத்தாழ 12 மணி நேரம். தொலைபேசி நிலையங்களை இணைத்த 2.048 மெகாபிற்றுத் தடம் (64 கிலோபிற்றுக் கால்வாய்கள் 32 சேர்ந்தது) முழுமையாகக் கிடைத்தால் 44 நிமிடம். ஒற்றை வேக இறுவட்டு இயக்கியோ அதனை வாசிக்கவே 74 நிமிடம் எடுக்கும். அதன் வீதம் 1.23 மெகாபிற்றே, சேமிப்பகம் என்றும் வலையமைப்பிலும் வேகமானது என்னும் பொதுநம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

தொலைபேசிக் கம்பிவழி அகலப்பட்டை இணைப்பிற் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. விளம்பரத்திற் காணப்படுவது பெறும் வீதம். ஆவணம் அனுப்புவோர்க்கு வேண்டியதோ அனுப்பும் வீதம். அது 512 கிலோபிற்றாயின் செக்கனுக்கு 64,000 பைற்று; மேற்கூறிய வட்டுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம். பொதிகளின் தலைப்புகளும் மீள அனுப்புதல்களும் இதனை மேலும் நீட்டும்.

இனி, அதே வட்டை ஒருவர் பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸிற் கொண்டு செல்கிறார் எனக் கொள்வோம். பயணம் ஒரு மணி நேரமாயின் அவ்வழியின் பரிமாற்ற வீதம் செக்கனுக்கு 1.5 மெகாபிற்று. பத்து வட்டுகளைக் கொண்டு சென்றால் 15. ஆனால் வட்டு சேருமிடத்தில் வாசிக்கப்படவும் வேண்டும். ஒற்றை வேக இயக்கியின் 74 நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு வட்டுக்குரிய வீதம் 679 கிலோபிற்றாகக் குறைந்துவிடுகிறது. அப்போதும் அது மேற்படி இணைப்பின் அனுப்பும் வீதத்திலும் அதிகமே.