கிரில், அல்ஃபஹம், மந்தி, பஃபே... அம்பத்தூர் டு பூந்தமல்லி: கொடுக்கிற காசுக்கு எது வொர்த்?

சம்பளம் வந்த வாரத்தின் சனிக்கிழமை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருத்தர் கேட்பார்: "பார்பிக்யூ போலாமா?" உடனே ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஏ.சி. ஹால், டேபிளிலேயே அடுப்பு, அன்லிமிடெட் பஃபே. இன்னொரு கட்சி, "அந்தக் காசுக்கு நம்ம ஏரியா கடையில் ரெண்டு ஃபுல் கிரில் வாங்கி மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லும்.

யார் சொல்வது சரி? அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, திருமுல்லைவாயல், கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு இது மாதாமாதம் வரும் கேள்வி. பதில் சொல்ல, முதலில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் போர்டில் 'பார்பிக்யூ' என்று ஒரே பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சமையல் முறைகள் வேறு வேறு.

'பார்பிக்யூ' என்றால் உண்மையில் என்ன?

அமெரிக்காவில் பார்பிக்யூ என்றால் குறைந்த சூட்டில், விறகுப் புகையில், பல மணி நேரம் வேக வைப்பது. அங்கேயும் ஊருக்கு ஊர் ஸ்டைல் மாறும். டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறி, கரோலினாவில் வினிகர் சேர்த்த பன்றிக்கறி, கன்சாஸ் சிட்டியில் இனிப்பான தக்காளி சாஸ். நம்ம ஊர்க் கடைகளில் 'பார்பிக்யூ சாஸ்' என்று தடவுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையின் தூரத்துச் சொந்தம்.

நெருப்பில் கறி சுடுவது நமக்குப் புதுசு இல்லை. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைப் பொருநராற்றுப்படையே பேசுகிறது. விறகடுப்பில் சுட்ட கருவாடும், தீயில் வாட்டிய ஆட்டுத் தலையும் காலும் இன்றும் வீடுகளில் உண்டு. புதுசாக வந்தது கடை, கண்ணாடிப் பெட்டி, மயோனைஸ், அப்புறம் பில்.

நம்ம ஏரியாவில் கிடைப்பது என்னென்ன?

1. கண்ணாடிப் பெட்டி கிரில்: கடை வாசலில் கம்பியில் சுற்றிக்கொண்டே வேகும் முழுக் கோழி. பெரும்பாலும் கேஸ் அடுப்பு, அதனால் புகை வாசம் குறைவு. கோழியின் கொழுப்பு உருகி அதன் மேலேயே வழிவதால் தோல் மொறுமொறுவென்றும் உள்ளே ஜூஸியாகவும் இருக்கும். எட்டரை மணிக்கு வாங்கினால் செம. பதினொன்றரைக்கு வாங்கினால் நெஞ்சுப் பகுதி நார் நாராக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. கரி பார்பிக்யூ, அல்ஃபஹம்: கோழியை நடுவில் பிளந்து, வலைக்கம்பியில் விரித்து, கரி நெருப்பின் மேல் வாட்டுவது. அரபியில் 'ஃபஹம்' என்றால் கரி என்றுதான் அர்த்தம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வழியாகக் கேரளாவுக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்த ருசி இது. பெப்பர், பெரிபெரி, காந்தாரி என்று நம்மவர்கள் அதில் மசாலாவைக் கூட்டிக்கொண்டார்கள். ஆர்டர் கொடுத்த பிறகு வாட்டித் தரும் கடையில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு நல்ல அறிகுறி.

3. தந்தூரி, டிக்கா: மண் அடுப்பின் உள்சூடு 400 டிகிரி செல்சியஸ் வரை போகும். தயிரில் ஊறிய கறி அதில் சீக்கிரம் வெந்துவிடும். 1947 பிரிவினைக்குப் பிறகு பெஷாவரில் இருந்து டெல்லி வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோதி மகால்தான் தந்தூரி சிக்கனை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. நம்ம பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை தாபாக்களிலும், பல மாநிலக் குடும்பங்கள் வாழும் ஆவடியிலும் இதற்கு வாடிக்கையாளர்கள் உண்டு.

4. மந்தி: ஏமனின் ஹத்ரமவுத் பகுதிச் சமையல். குழி அடுப்பில் கீழே அரிசி, மேலே கறி. சொட்டும் கொழுப்பு அரிசியில் இறங்கும். இங்கே ருசி அரிசியில்தான் இருக்கிறது. கறி மட்டும் சுட்டு, தனியாக வடித்த மஞ்சள் சோற்றின் மேல் வைத்துத் தந்தால், அது மந்தி இல்லை. மந்தி விலையில் வரும் வேறு ஏதோ.

5. டேபிள் கிரில் பஃபே: மேஜையின் நடுவில் கரி அடுப்பு, கம்பியில் கோத்த ஸ்டார்ட்டர்கள், பிறகு மெயின் கோர்ஸ், டெசர்ட். 2006-ல் மும்பையில் முதல் கிளையைத் திறந்த பார்பிக்யூ நேஷன் இந்த ஃபார்முலாவை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. 2021-ல் பங்குச் சந்தையில் பட்டியலிடும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள்: இங்கே கறி வேகுவது பெரும்பாலும் கிச்சனில். உங்கள் மேஜை அடுப்பின் வேலை, சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்

விலை கடைக்குக் கடை மாறும். எனவே கீழே இருப்பது முறையைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஏரியா விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

ஃபுல் கிரில் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்த 1,100 கிராம் கோழி, வெந்த பிறகு நீரும் கொழுப்பும் போய் சுமார் 750 கிராம் ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. தட்டில் மிஞ்சும் கறி 500 கிராம். அதாவது, 100 கிராம் கறிக்கு 90 ரூபாய்.

பஃபே ஒருவருக்கு 900 ரூபாய் என்றால், 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 945. நன்றாகச் சாப்பிடும் ஒருவர் ஒரு வேளையில் 300 கிராம் கறி சாப்பிடுகிறார் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 315 ரூபாய். கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு!

"அதான் அன்லிமிடெட் ஆச்சே ப்ரோ?" என்று கேட்கலாம். கடைதான் அன்லிமிடெட், வயிறு லிமிடெட். முதலில் மேஜைக்கு வருவது என்ன என்று யோசித்துப் பாருங்கள்: உருளைக்கிழங்கு, சோளம், கோழி விங்ஸ். சீக்கிரம் வயிற்றை நிரப்பும், கடைக்குச் செலவு குறைந்த ஐட்டங்கள். இது ஏமாற்று வேலை இல்லை, பஃபே தொழிலே சராசரியை நம்பித்தான் ஓடுகிறது. ஒருவர் அதிகம் சாப்பிட்டால், பக்கத்தில் ரெண்டு பேர் குறைவாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

ஆனால் கறியை மட்டும் எடை போடுவதும் நியாயம் இல்லை. பஃபேயில் இறால், மீன், டெசர்ட் இருக்கிறது. பத்து பேர் ரெண்டரை மணி நேரம் யாரும் எழுப்பாமல் உட்கார ஏ.சி. இடம் இருக்கிறது. வேளச்சேரி, தி.நகர் வரை போகாமல் எல்லோரும் கூடுவதற்கு அம்பத்தூர் பக்கத்தில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? அந்த 945 ரூபாயில் ஒரு பகுதி, சாப்பாட்டுக்கு இல்லை, வாடகைக்கு.

கிரில் விலை ஏன் ஏறிக்கொண்டே இருக்கிறது?

பிராய்லர் கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில் இருந்து தினமும் அறிவிக்கிறார்கள். அது ஏறி இறங்கும். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறும். கோழி விலை ஏறும்போது மெனு கார்டு ஏறுகிறது. இறங்கும்போது மட்டும் இறங்குவதில்லை. இன்னொன்று, டெலிவரி ஆப்பில் இருக்கும் விலை கடை விலையைவிட அதிகமாக இருப்பது சகஜம், ஆப்புக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுக்க வேண்டும். வீடு ரெண்டு கிலோமீட்டரில் என்றால் நேரில் போய் வாங்குவது லாபம். கிரில் சிக்கன் பார்சல் டப்பாவுக்குள் வியர்த்து, தோல் ஊறிப்போகாமலும் இருக்கும்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

- ஜி.எஸ்.டி.: சாதாரண ரெஸ்டாரன்ட்களுக்கு 5 சதவீதம். 2017 நவம்பரில் இருந்து இதுதான். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது.
- சர்வீஸ் சார்ஜ்: கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 900 ரூபாய் பஃபேயில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் வரியும் சேர்ந்தால், 945 என்பது 1,039.50 ஆகிவிடும். பத்து பேர் என்றால் 945 ரூபாய் எக்ஸ்ட்ரா. அதாவது இன்னொரு ஆளின் சாப்பாடு! எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
- உணவு உரிம எண்: 14 இலக்க எண். 2022 ஜனவரியில் இருந்து பில்லிலேயே இருக்க வேண்டும்.

மலிவு ஓகே... பாதுகாப்பு?

பணத்தைவிடப் பெரிய விஷயம் இது. 2022 மே மாதம் காசர்கோட்டில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. ஷவர்மா சாப்பிட்ட பிறகு நடந்த மரணங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். கோழியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கிருமிகள் சாகும். வெந்த கறியையும் 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் அடுப்பை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் தொங்கும் கோழிதான் ஆபத்து.

மயோனைஸும் கவனிக்க வேண்டியது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை இருக்கிறதோ இல்லையோ, வெயிலில் திறந்து வைத்த மயோனைஸ் டப்பாவைப் பார்த்தால் "வேணாம்ணா" என்று சொல்லிவிடுவது நல்லது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறமும் ருசிக்கான அடையாளம் இல்லை. கர்நாடகா 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறத்தையே தடை செய்தது. காஷ்மீரி மிளகாயின் சிவப்பு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

கருகிய பகுதி பிடிக்கும் என்பவர்களுக்கு: அதிகச் சூட்டிலும் கொழுப்புப் புகையிலும் உருவாகும் சில ரசாயனங்கள் உடலுக்கு நல்லதில்லை. மாதம் ஒருமுறைக்குப் பயப்பட வேண்டாம்; ஆனால் கரியாகிப்போன ஓரத்தைச் சுரண்டி ஒதுக்கிவிடுங்கள்.

அப்போ எங்கே போகலாம்?

- கறிதான் முக்கியம், ரெண்டு மூணு பேர்: ஆர்டருக்கு வாட்டித் தரும் கரி பார்பிக்யூ அல்லது அல்ஃபஹம் கடை. காசுக்கு இதைவிட நல்ல ருசி கஷ்டம்.
- நாலு பேர், நல்ல பசி: மந்தி சஹன். சோறும் கறியும் பங்கு போட்டால் தலைக்குச் செலவு குறையும். ஆர்டர் கொடுக்கும் முன் அந்தத் தட்டில் எத்தனை பீஸ் என்று கேளுங்கள்.
- டீம் டின்னர், பிறந்தநாள்: பஃபே ஓகே. முடிந்தால் வார நாள் மதியம் போங்கள், வார இறுதி இரவைவிடப் பொதுவாக விலை குறைவு. ஸ்டார்ட்டரில் உருளைக்கிழங்கைத் தாண்டி மீனுக்கும் இறாலுக்கும் காத்திருங்கள். குழுவில் பாதிப் பேர் சைவம் அல்லது குறைவாகச் சாப்பிடுபவர்கள் என்றால் பஃபே வேண்டாம், மெனு பார்த்து ஆர்டர் செய்யும் இடம்தான் சரி.
- ராத்திரி பதினொரு மணிப் பசி: கிரில் வேண்டாம். சூடாகக் கல்லில் இருந்து வரும் தோசை, பரோட்டா போதும்.

குரூப்பில் அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால், "எத்தனை பேர், யாரெல்லாம் நான்-வெஜ்?" என்று முதலில் கேளுங்கள். அந்த ரெண்டு பதிலும் வந்துவிட்டால், போக வேண்டிய கடை எது என்பது பாதி முடிவாகிவிடும்.