பழைய ஜீப்: கடைக்கு உழைக்குமா, கல்லாவைக் கரைக்குமா?

மலையடிவார ஊர்களில் கடை நடத்தும் நம் வணிக நண்பர்களிடையே ஓர் ஆசை பரவி வருவதைப் பார்க்கிறோம். "பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன? கொள்முதலுக்கும் ஆச்சு, தோட்டத்துக்கும் ஆச்சு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கோயிலுக்கும் ஆச்சு" என்கிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் ஒரு மூட்டை அரிசியைக்கூடக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத நாம், பளபளக்கும் பெயிண்டையும் பெரிய டயரையும் பார்த்து மூன்று நான்கு லட்சத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். அந்தப் பணம் கடையின் முதல். எனவே வாங்குமுன் பார்க்க வேண்டியதையும், வாங்கியபின் தினசரி ஓட்டுவதற்கு ஆகும் செலவையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் ஜீப்?

தேனி மாவட்டத்தில் அதிகாலையில் கம்பம், போடி, தேவாரம் பகுதிகளுக்குப் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாக ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. தார்ச்சாலை முடிந்து கல்லும் சேறுமாய்க் கிடக்கும் தோட்டப் பாதையில் சாதாரணக் கார் அடிதட்டி நின்றுவிடும். அங்கே ஏறும் வண்டி ஜீப்தான். கெட்டுப்போனாலும் ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் கொண்டு வழியிலேயே சரிசெய்யக்கூடிய எளிய அமைப்பு அதற்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்தான் இதற்கு மூலம். 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பின்னர் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. பானட் உயரமான பழைய பெட்ரோல் ஜீப்பை நம் பெரியவர்கள் அரசு அதிகாரிகளின் வண்டியாகப் பார்த்திருப்பார்கள். 1980களில் பிஜோ டீசல் இஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. பிறகு கமாண்டர் போன்ற நீளமான வண்டிகள் வந்தன. மாருதி ஜிப்ஸி 1985இல் வந்தது, 1996இல் 1.3 லிட்டர் இஞ்சினோடு ஜிப்ஸி கிங் ஆனது. மஹிந்திரா தார் 2010இல்தான் வந்தது.

எதை வாங்குவது?

பழைய பெட்ரோல் ஜீப் பார்க்க அழகு. தினசரி ஓட்டத்துக்கு எரிபொருள் செலவு தாங்காது. அது சேகரிப்பவர்களுக்கு உரியது. நம் வேலைக்கு எம்.எம். 540 வகையோ பிற்காலத்து மஹிந்திரா டீசல் ஜீப்போ பொருந்தும். அவற்றை அறிந்த மெக்கானிக் சிற்றூரிலும் கிடைப்பார். ஜிப்ஸி எடை குறைந்தது, மலைப்பாதையில் சுலபமாக ஏறும். ஆனால் பெட்ரோல் வண்டி, பின்சீட்டில் குலுக்கலும் அதிகம்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஜீப் தோற்றம் கொண்ட எல்லாமே நான்கு சக்கர இயக்கம் உள்ளவை அல்ல. பயணிகளுக்காகச் செய்யப்பட்ட பல கமாண்டர்களில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். முன்பக்க ஆக்சிலில் உருண்டையான டிஃபரன்ஷியல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் மண் தரையில் நான்கு சக்கரத்தையும், அடுத்து லோ கியரையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். இவ்வகை ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே வேக வித்தியாசத்தை ஏற்கும் அமைப்பு கிடையாது. திருப்பத்தில் பற்சக்கரங்கள் இறுகிச் சேதமாகும்.

வண்டியைக் குத்தூசி போட்டுப் பார்ப்பது

போடிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் நம்மிடம் சொன்னது இது: "அண்ணாச்சி, மேல பெயிண்டைப் பாக்காதீங்க, கீழ படுத்துப் பாருங்க." இதைவிட நல்ல யோசனை இல்லை.

முதலில் சேசிஸ். பாடி துருப்பிடித்தால் டின்கரிங் செய்யலாம். சேசிஸ் வெடித்திருந்தால் வண்டியையே விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களிலும், ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்திலும் வெல்டிங் அடித்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது இஞ்சின். காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடுபடுத்தி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை மிகுந்தால் இன்ஜெக்டர், பம்ப் அல்லது ஏர் ஃபில்டரில் வேலை இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். இஞ்சின் வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டிவரும்.

மூன்றாவது ஸ்டியரிங். முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங் அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டி ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் படபடவென அடித்து, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும். மலைப்பாதையில் இது உயிருக்கே ஆபத்து.

கடைசியாக பிரேக். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஒருபக்கம் இழுக்கிறதா, மிதித்தால் பெடல் தரைவரை போகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

காகிதம் சரியில்லை என்றால் சரக்கே இல்லை

வண்டி நன்றாக இருந்து காகிதம் சரியில்லாமல் பணத்தை இழந்தவர்கள் உண்டு. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு நீங்களே ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் போட்டதுபோல் இருந்தால் விலகிவிடுங்கள்.

தனியார் உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் மேலும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. புதுப்பிப்பை விற்பவர் முடித்துத் தந்தபின் பணம் கொடுப்பதே நல்லது. பழைய வண்டியின் விவரம் ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏறாவிட்டால் பெயர் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆம் படிவங்கள் வேண்டும். நிதி நிறுவனக் கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கு 35 ஆம் படிவம். வெளிமாநில வண்டி என்றால் 28 ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் சேரும். "அங்கே விலை குறைவு" என்று வாங்குபவர்கள் இந்த வரியைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

வடக்கே டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப் கட்டித் தருவது ஒரு பெருந்தொழில். பார்வைக்குப் புதிது போலிருக்கும். ஆனால் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆர்.சி.யில் ஒன்றும் வண்டியில் வேறொன்றுமாக இருந்தால் புதுப்பிக்கும் நாளில் சிக்குவது வாங்கியவர்தான்.

மூட்டை ஏற்றலாமா?

நம் வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஜீப்பில் பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வருவது சகஜமாக நடக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டியாகச் செய்யப்படாத வாகனமும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வாகனமாகவே கருதப்படும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்ற சலுகை உண்டு. ஆனால் பதிவின் வகையும் இன்சூரன்ஸின் வகையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

தனியார் கார் பாலிசியை எடுத்து "உபயோக வரம்பு" என்ற பகுதியைப் படியுங்கள். மாதிரிச் சரக்கும் சொந்தப் பயண மூட்டையும் தவிர வேறு சரக்கு ஏற்றினால் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். மூட்டையோடு வண்டி கவிழ்ந்தால் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கவும் வழி உண்டு. ஒரே விபத்தில் கடையே போய்விடும்.

ஆகவே ஜீப்பை ஆர்டர் எடுக்க, வசூலுக்குப் போக, தோட்டத்துச் சரக்கைப் பார்க்க, சாம்பிள் கொண்டுவர வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குச் சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியைப் பிடியுங்கள்.

தினசரி ஓட்டம்

காலையில் கடை திறக்குமுன் ஐந்து நிமிடம் போதும். இஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், டயர் காற்று ஆகிய நான்கையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் தரையில் புதிய சொட்டு இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கிரீஸ் அடிப்பதை மெக்கானிக் சொன்ன கெடுவில் தவறாமல் செய்யுங்கள். சேறும் தண்ணீரும் கடந்த வாரத்தில் ஒருமுறை கூடுதலாக அடிக்கலாம்.

மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர் பிரேக்கைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்கிறார். ஜீப் உயரமானது, அகலம் குறைந்தது. தலைமேல் பாரம் வைத்தால் திருப்பத்தில் சாயும். வேகம் 50, 60க்கு மேல் வேண்டாம். சீட் பெல்ட் இல்லாத வண்டியில் அதைப் பொருத்திக்கொள்வதை முதல் செலவாக வையுங்கள்.

உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன. கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

கணக்குப் போடுவோம்

வண்டி 3 லட்சம் என்று வைப்போம். முதல் வேலைகளுக்கு 75,000 ஒதுக்குங்கள். ஆக முதல் 3,75,000. இதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 3,750.

தினம் 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடினால் 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று கொண்டால் 9,568. ரிப்பேருக்கும் ஆயிலுக்கும் மாதம் 4,000, டயருக்கு 1,000, இன்சூரன்ஸ் மற்றும் பதிவுப் புதுப்பிப்புக்கு 1,000 எடுத்து வையுங்கள். மொத்தம் 19,318. நாளொன்றுக்குச் சுமார் 743 ரூபாய்.

இப்போது வண்டி வாடகைக்கு நாள்தோறும் நீங்கள் கொடுப்பதை இதோடு ஒப்பிடுங்கள். 400 ரூபாயில் வேலை முடிகிறது என்றால் ஜீப் நஷ்டம். 1,000 ரூபாய் போகிறது என்றால் ஜீப் லாபம். பழைய வண்டி சில நாட்கள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். அந்த நாட்களின் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள்.

கடைக் கணக்கில் வண்டியைக் காட்டுபவர்கள் பணத்தை வங்கி மூலமே கொடுக்க வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்துக்குத் தேய்மானம் கிடைக்காது. விற்பவரும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. ஆட்கள் செல்லும் இத்தகைய வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் இயலாது. உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வணிகர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்கவும். விவரத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. கணக்கு இடம் கொடுத்தால் ஜீப்பைத் தாராளமாக வாங்குங்கள். நல்ல வண்டி பல ஆண்டு உழைக்கும். கணக்கு இடம் கொடுக்காமல் ஆசைக்காக வாங்குவதும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பணம் கடைக் கல்லாவிலிருந்து வரக்கூடாது. எதுவானாலும் பார்க்கப் போகும்போது ஜீப் ஓட்டிப் பழகிய ஒருவரையும் நம்பிக்கையான மெக்கானிக்கையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அன்று அவர்களுக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.