உடம்பில் மிகும் இரும்பு

திடகாத்திரமான ஒருவனைக் கண்டால் 'இரும்பு போன்ற உடம்பு' என்பது எம்மவர் வழக்கு. பாண்டு நோய்க்குச் சித்த வைத்தியர் அயச்செந்தூரம் கொடுப்பர். ஆங்கில வைத்தியர் இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பர். இரும்பென்றால் பலமென்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை எமது வகுப்பு மாணவன் ஒருவனாலேயே அறிந்தோம்.

அவன் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாதவன். மாதந்தோறும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் வரமாட்டான். இடாப்பைப் பார்த்து அவனை நாம் கடிந்ததுமுண்டு. பின்னர் ஒருநாள் அவன் தாயார் வந்து, தலசீமியா என்னும் நோயினால் மகன் மாதந்தோறும் வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றி வருகின்றான் என்றும், அவ்விரத்தத்திலுள்ள இரும்பே இப்பொழுது அவனுக்குப் பகையாயுள்ளதென்றும் கூறினார். நாம் நாணினோம். வைத்திய நூல் கற்றவரல்லேமாயினும், அதன்பின் படித்தும் வைத்திய அன்பர்களைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள இரும்பு ஏறக்குறைய 3 முதல் 4 கிராம். ஒரு சிற்றாணியின் நிறை, அவ்வளவே. அதிற் பெரும்பகுதி இரத்தத்திற்குச் செந்நிறம் ஊட்டும் ஈமோகுளோபினில் உள்ளது. செங்குருதிக் கலமொன்று ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழியும். அழிந்தாலும் அதன் இரும்பை உடம்பு வீசிவிடுவதில்லை; சிக்கனமுள்ள இல்லாளைப்போல் எடுத்து மீண்டும் புதுக் கலங்களுக்கு வழங்கும். ஆதலின் உணவிலிருந்து நாள்தோறும் ஏற்பது 1 அல்லது 2 மில்லிகிராமே. அதேயளவு தோலினின்றும் குடலினின்றும் உதிரும் கலங்களோடு கழியும். உப்பு மிகுந்தாற் சிறுநீரோடு போகும். மிகுந்த இரும்பைக் கழிப்பதற்கோ அத்தகைய வழி எதுவுமில்லை. வாயில் உண்டு, வடிகால் இல்லை. வாயிலைக் காப்பது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள். அது 2000ஆம் ஆண்டையொட்டியே கண்டறியப்பட்டது.

வாயிற்காவல் பரம்பரையாகவே தளர்ந்திருப்பவர் வட ஐரோப்பிய வழித்தோன்றல்களிற் பலர். அதற்குக் காரணமான பரம்பரை அலகு 1996இல் இனங்காணப்பட்டது. இவர்களுக்கு, ஒருமுறைக்கு ஏறக்குறைய 450 மில்லிலீற்றராக இரத்தத்தை வெளியேற்றுதலே சிகிச்சை. பழைய காலத்தார் எல்லா நோய்க்கும் செய்த இரத்தம் வாங்குதல் இந்நோய்க்கு மெய்யாகவே பொருந்தியது வியப்பே.

தலசீமியா நோயாளருக்கு இவ்வழி பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு இரத்தமே குறைவு. ஈமோகுளோபின் செவ்வையாக அமையாமையால் பிறர் கொடுத்த இரத்தத்தை ஏற்றியே வாழ்தல் வேண்டும். கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதம் இரண்டு பையாயின் ஆண்டுக்கு 24 பை, 4,800 மில்லிகிராம். சுகதேகி ஒருவரின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பினும் மிகுதியானது ஒரே ஆண்டிற் சேர்ந்துவிடுகின்றது! அது ஈரலிலும் இருதயத்திலும் சதையியிலும் கபச்சுரப்பியிலும் படியும். ஈரல் இறுகும்; நீரிழிவு தோன்றும்; பருவ வளர்ச்சி தடைப்படும்; இருதயம் தளர்ந்து உயிருக்கும் ஆபத்தாகும். எம் மாணவன் குள்ளமாயிருந்ததன் காரணம் எமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

இவ்விரும்பைப் பற்றி இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. முதலில், 1960களில், வழக்கிற்கு வந்தது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட டெஸ்பெரியொக்சமீன். அதனைச் சிறு பம்பியொன்றினால், தோலின்கீழ், இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளேனும் செலுத்தல் வேண்டும். பிள்ளைகள் இதற்குச் சலிப்பது இயல்பே. வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் பின்னர் வந்தன. அவற்றுள் ஒன்றான டெபராசிரொக்ஸ் 2005இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எம் மாணவன் இப்பொழுது குளிசையே எடுக்கின்றான். எம்மருந்தாயினும் இடையில் நிறுத்தலாகாது. இரத்தத்திலுள்ள பெரிற்றின் அளவைக் கொண்டு வைத்தியர் அளவு தீர்மானிப்பர்.

இந்நோய் எமது நாட்டிற்குப் புதிதன்று. குருநாகலில் இதற்கெனத் தனி நிலையமொன்றுண்டு. நோயின்றி அதன் கூற்றை மாத்திரம் தாங்கியிருப்பவர் 'காவிகள்' எனப்படுவர். அவர்களின் செங்குருதிக் கலங்கள் சிறியன. இரத்தமும் சற்றுக் குறைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இஃது இரும்புக் குறைவுபோலவே தோன்றும். அதனால் வீட்டிலுள்ளோர் சொற்கேட்டு ஆண்டுக்கணக்காக இரும்புக் குளிசை விழுங்குவோர் உளர். காவிக்கும் உண்மையில் இரும்பு குறைந்திருக்கலாம்; அதனைப் பெரிற்றின் பரிசோதனையே காட்டும். பரிசோதியாது மாதக்கணக்கில் விழுங்குதல் தகாது.

காவிகள் இருவர் மணந்தாற் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வருதற்கு நாலில் ஒரு பங்கு இடமுண்டு. ஒருவர் மாத்திரம் காவியாயின் அவ்வச்சமில்லை. பிள்ளைகளுக்கு மணம் பேசும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். பரிசோதனைக்கு வேண்டுவது சிறிதளவு இரத்தமே. சாதகம் கைமாறும் முன்னரே அதனைச் செய்வித்தல் நன்று. மண்டபம் பேசி நாளும் குறித்தபின் வரும் முடிவை எவரிடம் எவ்வாறு சொல்வது?