பூண்டி மொட்டைமாடியில் பூமியின் சுற்றளவு

அக்கா மகளுக்கு முழுஆண்டுத் தேர்வு. அறிவியல் நோட்டிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: எரட்டோஸ்தனிஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு, 7.2 பாகை. எகிப்தின் சயீனில் உச்சிவெயிலுக்கு நிழலே இல்லாத நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் வெயில் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தது. ஆகவே பூமியின் சுற்றளவு அவ்விரு ஊர்களின் இடைத்தூரத்தைப் போல ஐம்பது மடங்கு. மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் அந்த நிழலற்ற நண்பகல் நம் ஊருக்கும் வருகிறது என்று நோட்டில் இல்லை.

திருமுருகன்பூண்டிக்கு அது ஆண்டில் இரண்டு முறை வரும்: ஏப்ரல் 19, 20ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 23, 24ஐ ஒட்டி ஒன்று. ஏப்ரலில் கடிகாரம் 12.20 காட்டும்போது சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தூக்குக்குண்டு பிடித்து ஒரு மீட்டர் கம்பை மாடியில் செங்குத்தாக நட்டால் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதே வேளையில் கன்னியாகுமரியில் அதே அளவுக் கம்புக்குத் தெற்கு நோக்கி 5.4 செ.மீ. நிழல் விழும். கோணம் 3.1 பாகை. கன்னியாகுமரி நமக்கு ஏறக்குறைய நேர்தெற்கு; தீர்க்கரேகையில் கால் பாகைதான் விலகல். எரட்டோஸ்தனிஸின் ஊர்கள் 3 பாகை விலகியவை. நம் ஜோடி அவருடையதைவிட நேர்த்தியானது!

இந்தச் சீமையில் இதைச் செய்தே காட்டியவர் வில்லியம் லாம்டன். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியவர், கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமக்கவைத்து, முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்தார். நிழலுக்குப் பதிலாக, விண்மீன்கள் உச்சியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். குமரி அருகே புன்னையிலும், அன்றைய கோவை மாவட்டத்துப் பச்சாபாளையத்திலும் அவர் எடுத்த அளவுகளின்படி ஒரு பாகைக்கு, இன்றைய கணக்கில், சுமார் 110.6 கி.மீ. அதை 360ஆல் பெருக்கினால் 39,816 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008. குறைவது அவர் பிழையால் அல்ல. பூமி இடுப்பில் பருத்திருப்பதால் நிலநடுக்கோட்டின் பக்கம் ஒரு பாகையின் தரைத்தூரம் சற்றுச் சிறுக்கும். அந்த வடிவத்தைத் தேடித்தான் அவர் அளந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “பூமி தட்டையா இருந்து, சூரியன் பக்கத்துல இருந்தாலும் நிழல் இப்படித்தானுங்களே மாமா விழும்?”

எனக்கு மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை. பண்டைச் சீன வானியலார் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நிழலளவை வைத்துச் சூரியன் 80,000 லி (சீனத் தூர அளவு) உயரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நம் பூண்டி, குமரி நிழலை அந்த வழியில் போட்டால் சூரியனின் உயரம் சுமார் 6,330 கி.மீ. வருகிறது. உருண்டைக் கணக்கில் பூமியின் ஆரமாக வருவதும் ஏறத்தாழ அதே எண்தான்! இரண்டு ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்லவே முடியாது. மூன்றாவது ஊர் வேண்டும்.

டெல்லியும் ஏறக்குறைய நம் தீர்க்கரேகையில்தான் இருக்கிறது. அன்று அங்கே ஒரு மீட்டர் கம்பின் நிழல், பூமி தட்டையானால் 30.5 செ.மீ., உருண்டையானால் 31.4 செ.மீ. ஒன்பது மில்லிமீட்டர்! நிழலின் விளிம்பு மங்கலாக இருக்குமே? கம்பின் உச்சியில் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, தரையில் விழும் ஒளிவட்டத்தின் மையத்தைக் குறித்தால் அந்த வித்தியாசம் கைக்குச் சிக்கும்.

ஏப்ரல் 20க்குள் பரீட்சை முடிகிறதா என்று அவள் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தாள்.